அகோட்டார் படிக்கப் போகிறீர்களா? எங்கே உருகலாம், எங்கே பல்லைக் கடிக்கலாம்

"ரெண்டாவது புக் வரைக்கும் பொறுத்துக்கோ, அப்புறம் நீயே என்னைத் தேடி வருவே." அகோட்டார் என்கிற இந்த ஆங்கில மாயக் காதல் நாவல் தொடரைப் படித்த யாரிடம் கேட்டாலும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்வார்கள். என் தோழியும் இதைச் சொல்லித்தான் முதல் புத்தகத்தை என் கையில் திணித்தாள். முதல் 400 பக்கத்தைச் சகித்துக்கொள், அதற்கப்புறம் பிரமாதம் என்றால், "முதல் பந்தியில் சாப்பாடு சுமார்தான், அடுத்த பந்திக்கும் உட்கார்" என்பது மாதிரி இல்லையா? ஆனாலும் உட்கார்ந்தேன். ஐந்தையும் முடித்தேன், இரண்டாவதை மூன்று தடவை படித்தேன், ஐந்தாவதில் ஒரு கட்டத்தில் கோபம் தாங்காமல் கிண்டிலைத் தூக்கி எறிந்தேன். கட்டில் மேல்தான் எறிந்தேன், விலை ஞாபகம் இருந்தது.

அதனால் இது ரசிகை எழுதுவதும் இல்லை, கிழித்துத் தோரணம் கட்டுகிறவள் எழுதுவதும் இல்லை. ஒரு தடவை வழி தவறிப் போய் வந்தவள், அடுத்து போகிறவர்களுக்கு எங்கே மேடு எங்கே பள்ளம் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். பின்பாதியில் கதையின் முடிச்சுகளை உடைப்பேன். முதல் இரண்டு புத்தகங்களை முடிக்காதவர்கள் இரண்டாவது புத்தகத்தைப் பற்றிய பகுதி வரைக்கும் படித்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். அதிலும் கொஞ்சம் உடையும், மன்னிக்கவும்.

எந்த வரிசை, எந்த எதிர்பார்ப்பு

சாரா ஜே. மாஸ் எழுதியது. வரிசையை மாற்றாதீர்கள்: 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்' (2015), 'எ கோர்ட் ஆஃப் மிஸ்ட் அண்ட் ஃப்யூரி' (2016), 'எ கோர்ட் ஆஃப் விங்ஸ் அண்ட் ரூயின்' (2017), 'எ கோர்ட் ஆஃப் ஃப்ராஸ்ட் அண்ட் ஸ்டார்லைட்' (2018), 'எ கோர்ட் ஆஃப் சில்வர் ஃப்ளேம்ஸ்' (2021). முதல் புத்தகத் தலைப்பின் ஆங்கில முதல் எழுத்துகளைச் சேர்த்துத்தான் எல்லோரும் அகோட்டார் என்கிறார்கள். நாயகி பெயர் ஃபேரா. நாயகன் பெயரை ரைசாண்ட் என்று பாதிப் பேர் படிக்கிறார்கள், ரீசாண்ட் என்பதுதான் சரி. நான் இரண்டு புத்தகம் முடிகிற வரைக்கும் ரைசாண்ட் என்றே படித்துவிட்டேன், இப்போது மாற்றினால் வேறு ஆளைக் காதலிக்கிற மாதிரி இருக்கிறது.

ஃபே என்று ஒரு இனம் வரும். அதைத் தேவதை என்று தமிழில் நினைத்துக்கொண்டால் எல்லாமே தப்பாகிவிடும். நம்மூர் யட்சன், கந்தர்வன் பக்கம் யோசியுங்கள்: அழகு, நீண்ட ஆயுள், மாயம், கொஞ்சம் கொடூரம், மனிதர்களை ஒரு பொருட்டாக மதிக்காத திமிர். இவர்கள் வாழும் ப்ரிதியனில் ஏழு அரசவைகள்: வசந்தம், கோடை, இலையுதிர்காலம், பனிக்காலம் என்று பருவத்துக்கு நான்கு, விடியல், பகல், இரவு என்று பொழுதுக்கு மூன்று. ஒரு சுவருக்குத் தெற்கே மனிதர்கள்.

முதல் அட்டைக்குள் ஒரு வரைபடம் இருக்கும். அதைப் பார்த்ததும் பெரிய காவிய உலகம் காத்திருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். உற்றுப் பாருங்கள், ப்ரிதியன் அப்படியே பிரிட்டன் தீவு. பக்கத்தில் கெட்ட ராஜா ஆளும் ஹைபர்ன் என்ற தீவு, அயர்லாந்து இருக்கிற இடத்தில். அயர்லாந்துக்கு லத்தீனில் ஹைபர்னியா என்று பெயர். அயர்லாந்துக்காரர் ஒருவர் இதைப் படித்தால் எரிச்சல் வரத்தானே செய்யும்? இந்தத் தொடரில் உலகம் என்பது கல்யாண மண்டபத்தின் மேடை அலங்காரம் மாதிரி: முன்னால் நின்று பார்த்தால் ஜொலிக்கும், பின்னால் போய்ப் பார்த்தால் சவுக்குக் கம்பும் கயிறும் தெரியும். இந்த மக்கள் என்ன விளைவிக்கிறார்கள், யார் வரி கட்டுகிறார்கள், 500 வருஷமாக வாழ்கிறவர்களுக்கு ஏன் 25 வயசுக்காரர்களின் பேச்சு என்றெல்லாம் கேட்கக் கூடாது. கேட்கிற பழக்கம் உள்ளவர்கள் அதைக் கொஞ்ச நாள் பரணில் போட்டுவிட்டு வரவும்.

முதல் புத்தகம்: பாதியில் மூடினால் நஷ்டம்

19 வயது ஃபேரா, நொடித்துப்போன வியாபாரியின் கடைசி மகள். அக்கா இரண்டு பேரும் அப்பாவும் சும்மா உட்கார்ந்திருக்க, இவள்தான் பனிக்காட்டில் வேட்டையாடிக் குடும்பத்துக்குச் சோறு போடுகிறாள். ஒரு பெரிய ஓநாயைக் கொல்கிறாள். அது ஓநாய் இல்லை, உருமாறிய ஃபே. உயிருக்கு உயிர் என்று கேட்டு ஒரு மிருகம் கதவை உடைத்துக்கொண்டு வருகிறது. அந்த மிருகம்தான் வசந்த அரசவையின் தலைவன் டாம்லின். சாபம் பிடித்த மாளிகை, முகத்தோடு ஒட்டிக்கொண்ட முகமூடி, ரோஜாத் தோட்டம். ஆமாம், அரக்கனைக் காதலிக்கும் அழகியின் பழைய கதையேதான். கூடவே டாம் லின் என்ற ஸ்காட்லாந்து நாட்டுப்பாடலும் கலந்திருக்கிறது. அந்தப் பாட்டில் ஃபே ராணியின் பிடியிலிருக்கும் காதலனை ஒரு பெண் போய் மீட்டு வருவாள். டாம்லின் என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

முதல் பாதி மெதுவாகப் போகும். ஃபேரா தோட்டத்தில் நடப்பாள், படம் வரைவாள், டாம்லின் முறைப்பான், விருந்து நடக்கும். இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். மூடாதீர்கள், ஆனால் வேகமாகப் புரட்டலாம். பிற்பாடு அலிஸ் என்கிற பணிப்பெண் ஒருத்தி, என்ன சாபம், யார் போட்டது, எப்படித் தீரும் என்று மொத்தக் கதையையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பாள். இது எழுத்தாளரின் சோம்பல்தான், சந்தேகமே வேண்டாம். ஆனால் அதைத் தாண்டி ஃபேரா மலைக்கு அடியில், சாபம் போட்ட அமரந்தாவின் அரண்மனைக்குள் போனதும் புத்தகமே வேறு ஆளாக மாறிவிடும்.

அங்கே மூன்று சோதனைகள். நான் நிதானமாகப் படிக்கச் சொல்வது இரண்டாவதை. ஒரு குழி, சங்கிலியில் கட்டப்பட்ட, டாம்லினின் நண்பன் லூசியன், தலைக்கு மேலே கூரான இரும்பு முட்களோடு கூரை இறங்கிக்கொண்டே வருகிறது. சுவரில் ஒரு கேள்வி எழுதியிருக்கிறது, கீழே மூன்று நெம்புகோல்கள், சரியானதை இழுத்தால் பிழைக்கலாம். ஃபேராவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வறுமையில் யாரும் சொல்லித்தரவில்லை. முதல் சோதனையில் ராட்சதப் புழுவைக் கொன்றவள், வில்லில் குறி தவறாதவள், ஒரு வரி எழுத்துக்கு முன்னால் சாகப் போகிறாள். எத்தனையோ மாயக் கதைகளில் நாயகிக்கு அரிய சக்தி இருக்கும், இங்கே அவளுக்கு இல்லாமல் போனது ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு இருக்கிற ஒரு திறமை. எனக்கு இந்த எழுத்தாளர்மேல் மரியாதை வந்த இடம் அது.

அதே அத்தியாயங்களில்தான் அமரந்தா ஒரு விடுகதை போடுவாள். விடை எனக்கு மூன்றாவது வரியிலேயே தெரிந்துவிட்டது, உங்களுக்கும் தெரியும், ஃபேராவுக்கு மட்டும் கடைசி வரை தெரியாது. போகட்டும்.

இரண்டாவது புத்தகம்: எல்லோரும் எதற்காக உருகுகிறார்கள்

இதை ஒரு வாரக் கடைசியில் ஆரம்பியுங்கள். 600 பக்கத்துக்கு மேல் போகும். நான் செவ்வாய்க்கிழமை ராத்திரி ஆரம்பித்து, புதன்கிழமை ஆபீஸில் மீட்டிங்கில் கண்ணைத் திறந்து வைத்திருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வழக்கமான காதல் கதை கல்யாணத்தில் முடியும் இல்லையா, இது கல்யாணத்துக்கு முந்தைய நாட்களில் தொடங்குகிறது. ஃபேரா ஜெயித்துவிட்டாள், ஃபேயாக மாறிவிட்டாள், டாம்லினோடு சொகுசு மாளிகை. ஆனால் ராத்திரி ராத்திரி எழுந்து வாந்தி எடுக்கிறாள். பக்கத்தில் படுத்திருக்கும் டாம்லின் எழுந்து வருவதில்லை. படம் வரைய முடியவில்லை. சிவப்பு நிறத்தைப் பார்க்க முடியவில்லை, மலைக்கு அடியில் சிந்திய ரத்தம் கண்ணில் நிற்கிறது. கல்யாண நாளன்று நடைபாதை முழுக்கச் சிவப்பு ரோஜா இதழ்களைத் தூவி வைத்திருக்கிறார்கள். அவள் அங்கேயே உறைந்து நிற்கிறாள். சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த இடம்தான் இந்தத் தொடரின் உயிர். டாம்லின் அவளை அடிக்கவில்லை, வேறு பெண்ணோடு போகவில்லை. பாதுகாப்பு என்று சொல்லி வேட்டைக்கு அழைத்துப் போக மறுக்கிறான், எதையும் சொல்லாமல் மறைக்கிறான், ஒருநாள் மாயக் கவசம் போட்டு வீட்டுக்குள்ளேயே பூட்டிவிட்டுப் போகிறான். "உன் நல்லதுக்குத்தான்" என்ற வார்த்தையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த நம் பெண்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. முதல் புத்தகம் முழுக்க நாயகனாக நாம் பார்த்தவனை, ஒரு குணத்தைக்கூடப் பெரிதாக மாற்றாமல், மூச்சுமுட்டுகிற ஆளாகக் காட்டிவிடுகிறார். பின்னோக்கிப் பார்த்தால் எல்லாம் முன்பே இருந்திருக்கிறது. முதல் புத்தகத்தில் நெருப்பு இரவு என்ற பண்டிகையில் அவளைச் சுவரோடு அழுத்திக் கழுத்தைக் கடித்துவிட்டு, நீ வெளியே வந்தது தப்பு என்று அவளையே குற்றம் சொல்லுவான். அதைக் காதல் காட்சி என்று படித்துத் தாண்டியவர்கள் நாம்தான்.

எதிர்ப்பக்கம் இரவு அரசவையின் தலைவன் ரீசாண்ட். மாதத்தில் ஒரு வாரம் என் அரசவைக்கு வரவேண்டும் என்று ஒப்பந்தம் போட்டுக் கூட்டிப் போகிறவன், முதலில் செய்கிற வேலை எழுதப் படிக்கச் சொல்லித்தருவது. எப்படி? தன்னைத் தானே புகழ்ந்து வாக்கியங்கள் எழுதிக்கொடுத்து, அதைப் பார்த்து எழுதச் சொல்லி. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறாள். கொஞ்ச நாள் கழித்து இருவருக்கும் நடுவே ஒரு துண்டுச் சீட்டு மாயமாகப் போய் வந்துகொண்டிருக்கும், அவள் கேலி எழுத, இவன் பதில் எழுத. முன்பு ஒரு வரியைப் படிக்கத் தெரியாமல் சாகக் கிடந்தவள் இப்போது சீட்டில் வம்பு வளர்க்கிறாள். தொடரில் எனக்கு ரொம்பப் பிடித்த காதல் காட்சி அந்தச் சீட்டுப் போக்குவரத்துதான், அதில் ஒருவரை ஒருவர் தொடக்கூட இல்லை.

அப்புறம் வெலாரிஸ் என்ற ஒளித்து வைக்கப்பட்ட நகரம், காசியன், அஸ்ரியல், மோர், அம்ரன் என்ற நண்பர் கூட்டம். விண்மீன் பொழியும் திருவிழா இரவில், வானத்தில் போகும் ஒளியுரு ஒன்று ரீசாண்டின் முகத்தில் பொத்தென்று வந்து விழும், ஃபேரா விழுந்து விழுந்து சிரிப்பாள். அவள் சிரித்துப் பல மாதம் ஆகியிருக்கும். அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டாதீர்கள்.

சூடான பக்கங்களைப் படிப்பது எப்படி

எல்லோரும் கேட்க நினைத்துக் கேட்காமல் இருப்பது இதுதானே. ஆங்கிலத்தில் இதை மசாலா என்கிற பொருளில் ஸ்பைஸ் என்கிறார்கள். முதல் புத்தகத்தில் காரம் கம்மி, சட்னியில் ஒரு மிளகாய் அளவு. இரண்டாவதில் பாதி வரைக்கும் ரீசாண்டோடு ஒன்றும் நடக்காது, எல்லாம் பார்வையும் சீண்டலும். அதற்கப்புறம் 55ஆம் அத்தியாயம். ரசிகர்களுக்கு அந்த எண்ணைச் சொன்னாலே போதும், முகம் மாறிவிடும். ஆனால் நேராக அதற்குத் தாவினால் ஒன்றும் கிடைக்காது. அதற்கு முந்தைய அத்தியாயத்தில் ரீசாண்ட் தன் பக்கத்துக் கதை முழுவதையும் சொல்லுவான், ஒரு கோப்பை சூப் காய்ந்துபோகிற அளவுக்கு நீளமாக. அதைப் படித்துவிட்டுப் போனால்தான் அடுத்ததுக்கு அர்த்தம். ஐந்தாவது புத்தகம்தான் காரத்தில் உச்சம், அங்கே கதையை நிறுத்திவைத்துவிட்டு அடிக்கடி அதுவே நடக்கும்.

இவை எழுதப்பட்ட விதத்தில் நல்லது ஒன்று உண்டு: பெண்ணின் ஆசை குற்ற உணர்ச்சி இல்லாமல் வருகிறது. அவளே கேட்கிறாள், அவளே வேண்டாம் என்கிறாள், யாரும் தண்டிப்பதில்லை. நான் படித்து வளர்ந்த மாத நாவல்களில் நாயகி நெற்றியில் ஒரு முத்தத்துக்கே மூன்று பக்கம் கூனிக் குறுகுவாள். அதிலிருந்து வந்தவளுக்கு இது ஜன்னலைத் திறந்த மாதிரிதான் இருந்தது. கெட்டது என்னவென்றால் எல்லாமே பிரம்மாண்டம். மலை அதிர்கிறது, நட்சத்திரம் வெடிக்கிறது, ஒருத்தருக்காவது கால் மரத்துப் போனதாகவோ போர்வை சிக்கிக்கொண்டதாகவோ வராது. நான்காவது தடவை மலை அதிரும்போது எனக்கு நிலநடுக்கவியல் துறைக்குத் தகவல் கொடுக்கலாமா என்று தோன்றியது.

நடைமுறை யோசனை இரண்டு. மெட்ரோவில் படிப்பவர்கள் கிண்டிலில் எழுத்தைச் சின்னதாக்கிக்கொள்ளுங்கள், பக்கத்து சீட் மாமா உங்களைவிட வேகமாகப் படிப்பார். இதை நாடகமாகப் பல குரல்களில் ஒலிப்புத்தகமாகவும் போட்டிருக்கிறார்கள், நன்றாகவே இருக்கிறது, ஆனால் சமையலறையில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தோசை வார்க்கிற எண்ணம் இருந்தால் கைவிடவும்.

மொழி

சுமார்தான். கதையைத் தள்ளிக்கொண்டு போவதில் கெட்டிக்காரர், வாக்கியத்தைச் செதுக்குவதில் இல்லை. எல்லோரும் உறுமுவார்கள், காதல் வந்தாலும் உறுமல், கோபம் வந்தாலும் உறுமல். ஆணை ஆண் என்றும் பெண்ணைப் பெண் என்றும் மனுஷர்களைச் சொல்கிற சொல்லால் சொல்லாமல் உயிரியல் பாடத்தில் வருகிற மேல், ஃபீமேல் என்ற சொல்லால் சொல்லுவார், படித்தால் கால்நடை ஆஸ்பத்திரி ரெஜிஸ்டர் மாதிரி இருக்கும். பயம் வந்தால் ஃபேராவுக்குக் குடல் தண்ணீராகிவிடும். ஆங்கில வாசகர்கள் இதை வைத்து ஏகப்பட்ட கேலி செய்கிறார்கள். எனக்கு உறுத்தவே இல்லை, நாம் வயிற்றைக் கலக்கியது என்று நாள்தோறும் சொல்கிறவர்கள்தானே.

ஒரு எச்சரிக்கை. நடைபாதையில் பாதி விலைக்குக் கிடைக்கிற பிரதியை வாங்கும்போது பக்கங்களை எண்ணிப் பாருங்கள். என் மூன்றாவது புத்தகத்தில் ஒரு பதினாறு பக்கம் இரண்டு தடவை வந்திருந்தது, அதற்கு அடுத்த பதினாறு வரவே இல்லை. போரில் யாரோ திடீரென்று காயப்பட்டுக் கிடந்தார், எப்படி என்று இணையத்தில் தேடித் தெரிந்துகொண்டேன்.

பெயரை மாற்றிப் பாருங்கள்

இனி கதை முழுசாக உடையும்.

இந்தத் தொடரைக் கண்ணைத் திறந்துகொண்டு படிக்க ஒரே ஒரு வழிதான் எனக்குத் தெரியும். ரீசாண்ட் ஏதாவது செய்யும்போது அந்த இடத்தில் டாம்லின் என்று பெயரை மாற்றிப் போட்டுப் படியுங்கள். அப்போதும் மன்னிப்பீர்களா?

மலைக்கு அடியில் ஒவ்வொரு ராத்திரியும் அவளுக்கு மயக்கம் தரும் மதுவைக் கொடுத்து, உடம்பில் சாயம் பூசி, எல்லோர் முன்னாலும் ஆட வைத்தது ரீசாண்ட். அதற்கு முன் உடைந்த கையைத் திருகித்தான் ஒப்பந்தத்துக்கே சம்மதம் வாங்கினான். இரண்டாவது புத்தகத்தில் இதற்கெல்லாம் விளக்கம் வரும்: அமரந்தாவின் சந்தேகம் அவள்மேல் விழாமல் இருக்க, அவள் உயிரோடு இருக்க, டாம்லினுக்கு வெறியேற்ற. விளக்கம் கதைக்குள் பொருந்துகிறது, மறுக்கவில்லை. ஆனால் கெட்டவனாகத் தெரிந்தவன் உள்ளுக்குள் தங்கம், அவன் செய்த ஒவ்வொன்றுக்கும் ஒரு ரகசியக் காரணம் இருந்தது என்கிற இந்த வித்தை நமக்குப் புதுசா? முறைத்துக்கொண்டே இருக்கும் கோபக்கார முதலாளி கடைசி அத்தியாயத்தில் "உன்னைக் காப்பாற்றத்தான் அப்படி நடந்துகொண்டேன்" என்று சொல்லும் மாத நாவலை எத்தனை படித்திருக்கிறோம். இறக்கை மட்டும்தான் எக்ஸ்ட்ரா.

வெலாரிஸையும் இப்படிப் பாருங்கள். பல நூற்றாண்டுகளாக உலகத்தின் கண்ணிலிருந்து மறைத்துக் காப்பாற்றப்பட்ட அழகு நகரம், கலை, இசை, ஆற்றங்கரை உணவகங்கள். அதே அரசவைக்குள்தான் மலைக்குள் குடைந்த இன்னொரு நகரம் இருக்கிறது, அங்கே பெண்களைக் கொடுமைப்படுத்துகிறார்கள், மோர் அங்கிருந்து வந்தவள். தலைவன் அங்கே போகும்போது கொடுங்கோலன் வேஷம் போட்டுவிட்டுத் திரும்பி வந்து வெலாரிஸில் விருந்து சாப்பிடுகிறான். அங்கே பிறக்கிற குழந்தைக்கு என்ன வழி? இலிரியர்கள் என்ற இறக்கை இனத்தில் பெண்களின் இறக்கையை வெட்டும் வழக்கம், அதைத் தடை செய்தாகிவிட்டது என்பான், ஆனால் மலைகளில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. இந்தக் கேள்விகளைப் புத்தகமே எழுப்புகிறது, பிறகு யாராவது முத்தம் கொடுக்க ஆரம்பித்ததும் மறந்துவிடுகிறது.

மேட் என்று ஒரு பந்தம் வேறு, ஏழேழு ஜென்மத்துக்கும் விதி போட்ட முடிச்சு மாதிரி. தன் அம்மாவும் அப்பாவும் அப்படிப்பட்ட ஜோடிதான், ஆனாலும் ஒருவருக்கொருவர் பொருந்தவே இல்லை என்று ரீசாண்டே சொல்கிறான். அருமையான இடம், விதி சேர்த்துவைத்தாலும் சேராத இருவர்! அதை ஒரு பத்தியில் சொல்லிவிட்டு, முக்கிய ஜோடிகளுக்கு எல்லாம் அதே பந்தத்தைப் போட்டு, ஜாதகம் பொருந்திவிட்டது கவலைப்படாதே என்கிறார். விதிவிலக்கு ஃபேராவின் சின்ன அக்கா இலேன். லூசியன் அவளுடைய மேட் என்று தெரிந்தும் அவன் பக்கம் திரும்பக்கூட மாட்டேன் என்கிறாள். எனக்கு இலேன் அந்த ஒரு காரணத்துக்காகவே பிடிக்கும்.

மூன்றாவதும் நான்காவதும்

மூன்றாவது போர்ப் புத்தகம், 700 பக்கத்தை ஒட்டி. ஏழு அரசவைத் தலைவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒருவர் காலை ஒருவர் வாரும் கூட்டம் ஜோர். போர்க்களம் அப்படியில்லை. தோற்கப் போகிறோம் என்ற நிமிஷத்தில் ஒரு படை வரும், கொஞ்ச நேரத்தில் இன்னொரு படை வரும். கிட்டத்தட்ட யாரும் நிஜமாகச் சாவதும் இல்லை, செத்தாலும் திரும்பி வந்துவிடுவார்கள், ஃபேரா முதல் புத்தகத்தில், ரீசாண்டும் அம்ரனும் இதில். அதனாலோ என்னவோ, திரும்பி வராத சூரியலின் சாவுதான் எனக்கு வலித்தது. கந்தல் போர்த்திய, பார்க்கவே பயங்கரமான, உண்மையை மட்டும் சொல்லும் ஒரு ஜந்து. நல்ல அங்கி ஒன்றைப் பொறியாக வைத்து அதை முதலில் பிடித்தவள் ஃபேரா, கடைசியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளும் அவள்தான்.

நான்காவது சின்னப் புத்தகம். பனிக்காலப் பண்டிகைக்குப் பரிசு வாங்குகிறார்கள், பனிப்பந்து எறிந்து விளையாடுகிறார்கள். பலகாரம் சுட்ட மறுநாள் மாதிரி ஒரு மந்தம். ஆனால் ஃபேராவின் அக்கா நெஸ்டாவின் குடியும் தனிமையும் இங்கேதான் தொடங்குகிறது, அதற்காகப் படித்துவிடுங்கள், ஒரு சாயங்காலம் போதும்.

ஐந்தாவது: கட்டிலில் கிண்டில் விழுந்த இடம்

நெஸ்டா ஃபேராவின் பெரிய அக்கா. நாக்கில் விஷம், யாருக்கும் வளைந்து கொடுக்காதவள், முதல் புத்தகத்தில் நாம் வெறுத்த ஆள். அவளை நாயகியாக்கியதற்கே ஒரு சபாஷ். குடித்து அழிந்துகொண்டிருப்பவளைக் குடும்பமே கூடி, பத்தாயிரம் படிக்கட்டுகள் கொண்ட மலை வீட்டில் கொண்டுபோய் வைக்கிறது. காலையில் காசியனிடம் போர்ப் பயிற்சி, மதியம் நூலகத்தில் வேலை. படியில் இறங்க முயன்று, கொஞ்சம் இறங்கி, தலை சுற்றி, திரும்ப ஏறுகிற அத்தியாயங்களைப் படியுங்கள். மனச்சோர்வை அவ்வளவு துல்லியமாக, ஒரு மாயமும் இல்லாமல், கால் வலியாகவே எழுதியிருக்கிறார். அந்த வீட்டுக்கே உயிர் உண்டு, அவள் கேட்காமலே சாப்பாடு வைக்கும், காதல் நாவல் கொண்டுவந்து கொடுக்கும். க்வின், எமரி என்று இரண்டு தோழிகள் கிடைக்கிறார்கள். காசியனோடு நடப்பதைவிட அந்த மூன்று பெண்களின் நட்புதான் புத்தகம் என்று நான் நினைக்கிறேன்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது ஃபேராவுக்குக் கர்ப்பம். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு இறக்கை, பிரசவத்தில் அவள் உயிர் போகலாம். இது ரீசாண்டுக்குத் தெரியும், மருத்துவருக்குத் தெரியும், நண்பர் கூட்டத்துக்கே தெரியும், ஃபேராவுக்கு மட்டும் தெரியாது. சொல்லக் கூடாது என்று ரீசாண்ட் எல்லோர் வாயையும் கட்டிவிடுகிறான். எதற்கு? அவளுக்குப் பயம் வரக் கூடாதாம், அவள் நல்லதுக்காம்.

பெயரை மாற்றிப் பாருங்கள். இதை டாம்லின் செய்திருந்தால்?

இரண்டாவது புத்தகம் 600 பக்கம் செலவழித்து நமக்குச் சொல்லிக் கொடுத்ததே, ஒருத்தியிடம் அவள் உயிரைப் பற்றிய உண்மையை மறைப்பது அன்பு இல்லை என்பதுதானே. கோபத்தில்தான் என்றாலும் உண்மையைப் போட்டு உடைக்கிறவள் நெஸ்டா. ரீசாண்ட் அவளைக் கொன்றுவிடுவேன் என்கிறான். தண்டனை மாதிரி காசியன் அவளை மலை மலையாக நடக்க வைக்கிறான், அவள் குற்ற உணர்ச்சியில் ஒடிந்துபோய் நடக்கிறாள், புத்தகம் அதைக் குணமாகும் பயணம் என்கிறது. மறைத்தவன் விருந்தில் உட்கார்ந்திருக்கிறான், சொன்னவள் மலை ஏறுகிறாள். எழுத்தாளருக்கு ரீசாண்ட்மேல் அவ்வளவு காதல், தான் எழுதிய பாடமே மறந்துவிட்டது. என் கிண்டில் பறந்தது இங்கேதான். இந்த அத்தியாயங்களைத் தாண்டச் சொல்ல மாட்டேன். படியுங்கள், படித்துவிட்டு இரண்டாவதை மறுபடி எடுங்கள், ரீசாண்டின் இனிமையான ரகசியங்கள் கொஞ்சம் வேறு மாதிரித் தெரியும்.

யாருக்குக் கொடுக்கலாம், யாருக்கு வேண்டாம்

2015இல் முதல் புத்தகத்தைப் பதின்ம வயதினருக்கானது என்றுதான் ப்ளூம்ஸ்பரி பதிப்பகம் வெளியிட்டது. 2020இல் அட்டையை மாற்றிப் பெரியவர்கள் அலமாரிக்கு நகர்த்தினார்கள். அதனால் பழைய அட்டையோடு இப்போதும் சில நூலகங்களில் குழந்தைகள் பக்கத்தில் இருக்கும். 2024இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலம் எல்லா அரசுப் பள்ளிகளிலிருந்தும் 13 புத்தகங்களை நீக்கியது, அதில் ஆறு இவருடையது. தடை செய்வது எனக்கு உடன்பாடு இல்லை, ஆனால் 13 வயசுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கிக் கொடுக்கவும் மாட்டேன். என் அண்ணன் மகளுக்கு 16 வயசு, வகுப்பில் பாதிப் பேர் படித்துவிட்டார்கள் என்றாள். அப்படியானால் படி, ஆனால் நெருப்பு இரவு வந்ததும் எனக்குப் போன் பண்ணு என்றேன். பண்ணினாள். "அத்தை, இவன் பண்ணுறது சரியில்லையே" என்றாள். அவளுக்கு நான் சொல்ல வேண்டியது எதுவும் இருக்கவில்லை.

வன்முறை, பாலியல் வன்கொடுமை பற்றிய நினைவுகள், குடிப்பழக்கம் எல்லாம் வரும். மனசு சரியில்லாத நாட்களில் ஐந்தாவதைத் தொடாதீர்கள், இரண்டாவதின் முதல் 100 பக்கத்தையும்தான்.

ஐந்தும் முடிந்ததும் கை அரிக்கும். சில பதிப்புகளில் மட்டும் அஸ்ரியலின் பார்வையில் ஒரு கூடுதல் அத்தியாயம் உண்டு. சகோதரர்கள் மூன்று பேர், அக்கா தங்கைகள் மூன்று பேர், எனக்கு மட்டும் ஏன் ஜோடி இல்லை என்று அவன் புலம்புவான். அதைத் தேடிப் படிப்பவர்கள் மறுநாளே இலேன் கட்சி, க்வின் கட்சி என்று இரண்டாகப் பிரிந்து சண்டை போட ஆரம்பித்துவிடுவார்கள். சண்டையில் சேர ஆசை இல்லாதவர்கள் அவரது க்ரெசென்ட் சிட்டி தொடருக்குப் போகலாம். 2024இல் வந்த அதன் மூன்றாவது புத்தகத்தில் ப்ரிதியன்காரர்களும் வருகிறார்கள். அந்தத் தொடரின் முதல் 200 பக்கம் பெயர்களாகக் கொட்டும், ஒன்றும் புரியாது. பொறுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் நன்றாக இருக்கும். ஐயோ, நானும் அதையே சொல்லிவிட்டேன்.